குன்றின் தவமும் சமவெளியின் மடமும்

சென்னையிலிருந்து அருணாசலேசுவரரைத் தரிசிக்கப் புறப்படும் யாத்திரிகர்களில் பலர் திண்டிவனத்தில் பெருஞ்சாலையை விட்டுத் திரும்பி, செஞ்சியின் பாறைக் குன்றுகளுக்கிடையே புகுந்து, அங்கிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருவண்ணாமலையை அடைகிறார்கள். வழியில் மூன்று மலைகளை வளைத்துக் கட்டிய கோட்டை கண்ணில் படுவதால், பொழுதுள்ளவர்கள் இறங்கி இராசகிரியின் மேல் ஏறிப் பார்ப்பதும், தேசிங்குராசனின் கதையை ஒருவருக்கொருவர் சொல்லிக் கொள்வதும் உண்டு. மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக யுனெஸ்கோ நிறுவனம் 2025 ஜூலையில் ஏற்றுக்கொண்டபோது, மகாராஷ்டிரத்துக்கு வெளியே அவ்வரிசையில் இடம் பெற்ற ஒரே கோட்டை செஞ்சிதான் என்பதால், இப்பொழுது அங்கே இறங்குகிறவர்களுக்கு மேலும் ஒரு காரணம் கிடைத்திருக்கிறது. ஆனால், அந்தக் கோட்டையின் மதில்களைக் காட்டிலும் பல நூற்றாண்டுகள் பழைமையான ஒரு தவப் பரம்பரை அதே குன்றுகளில் தோன்றி வளர்ந்து, இன்றும் மேல்சித்தாமூர் என்னும் சிற்றூரில் மடமாகவும் கோயிலாகவும் உயிரோடு விளங்குகிறது என்பதை அந்தச் சாலையில் செல்வோரில் மிகச் சிலரே அறிவர்.

ஆசிரமம் என்ற மாத்திரத்தில் நம் மனம் மலையையும் குகையையும் நாடிச் செல்கிறது, அது நியாயந்தான். 1896ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத இறுதியில் மதுரையை விட்டுக் கிளம்பிய வேங்கடராமன் என்னும் இளைஞர், பழைய தேசப்படம் ஒன்றைப் பார்த்துத் திருவண்ணாமலைக்கு அருகிலுள்ள ரயில் நிலையம் திண்டிவனமே என்று எண்ணியிருந்தார். விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்கே பாதை போடப்பட்டுவிட்டது என்று ரயிலில் உடன் வந்த முஸ்லிம் பெரியவர் ஒருவர் தெரிவித்திராவிடில், பிற்காலத்தில் ரமண மகரிஷி என்று உலகம் போற்றிய அந்தப் பிள்ளை திண்டிவனத்தில் இறங்கி, இந்தச் செஞ்சி வழியாகவே அருணாசலத்தை நோக்கி நடந்திருக்கக்கூடும். அவர் மலை மீது விரூபாக்ஷ குகையில் 1899 முதல் 1916 வரையிலும், பிறகு கந்தாசிரமத்தில் 1922 வரையிலும் வாழ்ந்தார். அந்த ஆண்டில் அன்னையார் காலமாகி, மலையடிவாரத்தில் சமாதி எழுந்த பிறகே அவரும் கீழே வந்து தங்கினார், இன்றைய ரமணாசிரமமும் அந்தச் சமாதியைச் சுற்றி உண்டாயிற்று. தவம் மலையில் பிறக்கிறது. ஆனால் அது தலைமுறைகளைத் தாண்டி நிலைக்க வேண்டுமானால், இல்லறத்தார் வாழும் சமவெளிக்கு இறங்கி வந்தாக வேண்டியிருக்கிறது. திருவண்ணாமலையில் ஒருவருடைய ஆயுட்காலத்துக்குள் நிகழ்ந்துவிட்ட இந்த இறக்கம், செஞ்சி வட்டாரத்துத் திகம்பர சமணரிடையே பல நூற்றாண்டுகளாக மெல்ல மெல்ல நிகழ்ந்தது.

அதன் மேல்முனையைக் காண விரும்புவோர் செஞ்சிக்கு வடக்கே, சிறுகடம்பூரை ஒட்டியுள்ள திருநாதர்குன்றில் ஏற வேண்டும். மேலே பெரும்பாறை ஒன்றின் முகத்தில் இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களின் உருவங்கள், வரிசைக்குப் பன்னிரண்டாக, இரண்டு வரிசைகளில் புடைப்புச் சிற்பங்களாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. அனைவரும் ஒரே ஆசனத்தில், ஒரே நிஷ்டையில், ஒருவரையொருவர் விஞ்சாமல் அமர்ந்திருப்பதைப் பார்க்கும்போது, தனி மனிதரின் பெருமையைக் காட்டிலும் பரம்பரையின் தொடர்ச்சியையே சிற்பி மனத்தில் கொண்டிருந்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதே குன்றில், சந்திரநந்தி என்னும் ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உணவு துறந்து நோற்று உயிர் நீத்த இடம் இது என்று அறிவிக்கும் கல்வெட்டு ஒன்று உள்ளது. ஐந்து அல்லது ஆறாம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் அது, பழைய தமிழி எழுத்து வட்டெழுத்தாக உருமாறிக்கொண்டிருந்த நிலையைக் காட்டுவதாலும், ‘ஐ’ என்னும் எழுத்தின் மிகப் பழைய வடிவங்களுள் ஒன்றைத் தாங்கியிருப்பதாலும், எழுத்து வரலாற்றைக் கற்போர் அனைவருக்கும் ஒரு க்ஷேத்திரம் போன்றது. பல நூற்றாண்டுகளுக்குப் பின் இளைய பட்டாரர் என்பவர் முப்பது நாள் நோன்பிருந்து அங்கேயே உடலை விட்டதையும் மற்றொரு கல்வெட்டு தெரிவிக்கிறது. ஆக, இடைப்பட்ட காலத்தில் அக்குன்றின் நினைவு அறுந்து போகவில்லை.

உண்ணாது உயிர் நீக்கும் இந்நோன்பைச் சமணர் சல்லேகனை என்பர். மூப்பினாலோ, தீராத பிணியினாலோ, தருமத்தை அனுஷ்டிக்க இயலாத நிலை வந்தபோது, ஆசிரியரின் அனுமதி பெற்று, விருப்பு வெறுப்புகளையெல்லாம் ஒவ்வொன்றாக விட்டு, கடைசியில் உணவையும் விடுவது அதன் முறை. இது தற்கொலை ஆகாதா என்ற கேள்வி இந்நாளிலும் எழுந்து, 2015இல் இராஜஸ்தான் உயர் நீதிமன்றம் ஆகுமென்றே தீர்ப்பளிக்க, அதே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்தி வைத்தது. நீதிமன்றத்தின் வாதம் எவ்வாறாயினும், திருநாதர்குன்றின் கல்வெட்டு துக்கத்தையும் சொல்லவில்லை, புகழ்ச்சியையும் சொல்லவில்லை. நாள் கணக்கையும் பெயரையும் மட்டும் சொல்லி நின்றுவிடுகிறது.

இவ்வாறு மலை மேல் வாழ்ந்தவர்களும் இல்லறத்தாரை நம்பியே வாழ்ந்தார்கள். திகம்பர முனிவர் நாளுக்கு ஒருமுறை, நின்றபடி, கையையே பாத்திரமாகக் கொண்டு, ஓர் இல்லறத்தார் மரியாதையுடன் இடும் உணவை மட்டும் ஏற்பவர். சமைத்துக்கொள்ளவும் கூடாது, சேமித்து வைக்கவும் கூடாது. எனவே முனிவர் வாழ்ந்த குகைக்கு அருகில் ஊரும், ஊரில் சிரத்தையுள்ள குடும்பங்களும் இருந்தே தீர வேண்டும். செஞ்சிக்கு அருகே நெகனூர்பட்டியில் உள்ள பாறைக் குகையின் பழைய கல்வெட்டு, அந்தப் பள்ளியைச் செய்வித்தவள் ஒரு பெண் என்று, அவளுடைய தாயின் பெயரோடு சேர்த்துக் குறிப்பிடுகிறது. முனிவர்களுக்கு இருக்கை அமைத்துக் கொடுத்த அந்தப் பெண்ணை எண்ணாமல் முனிவர்களை மட்டும் எண்ணுவது வரலாற்றில் பாதியை விட்டுவிடுவதாகும்.

முனிவருக்கு மற்றொரு விதியும் உண்டு: மழைக்காலம் நான்கு மாதம் தவிர, அவர் ஓரிடத்திலே நிலைத்துத் தங்கலாகாது, நடந்து செல்ல வேண்டும். அப்படியானால் கோயிலைப் பராமரிப்பது யார், நிலத்தின் வரவு செலவைப் பார்ப்பது யார், ஓலைச்சுவடிகளைச் செல்லரிக்காமல் காப்பது யார், அரசனிடத்திலே சென்று சமூகத்துக்காகப் பேசுவது யார் என்ற கேள்விகள் எழுகின்றன. அக்கேள்விகளுக்கு இடைக்காலத்துச் சமணம் கண்ட விடையே பட்டாரகர் என்னும் பீடம். பட்டாரகர் துறவி, பிரமசாரி, காவியுடுத்து, மயிற்பீலியும் கமண்டலமும் தரித்தவர். ஆயினும் முழுத்துறவு பூண்ட முனிவரைப் போல் ஆடையையும் இருப்பிடத்தையும் அவர் விடுவதில்லை. மடத்தில் தங்குவார், வாகனத்தில் செல்வார், சொத்தை நிர்வகிப்பார். துறவறத்துக்கும் இல்லறத்துக்கும் நடுவே இவ்வாறு ஒருவர் நிற்பதை ஆசாரக் குறைவு என்று கண்டித்த சீர்திருத்தக்காரர்கள் வடநாட்டில் மிகுதியாகத் தோன்றியமையால், அங்கிருந்த பட்டாரக பீடங்கள் பெரும்பாலும் மறைந்தன. தெற்கே சிரவணபெளகொளா, மூடபித்ரி, ஹும்சா, கோலாப்பூர் முதலிய இடங்களிலும், தமிழ்நாட்டில் மேல்சித்தாமூரிலும் அவை நிலைத்தன. அண்மைக் காலத்தில் ஆரணிப் பக்கத்துத் திருமலையிலும் ஒரு பீடம் உண்டாகியிருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் திகம்பர முனிவர்களைக் காண்பதே அரிதாகிவிட்டிருந்ததையும், இருபதாம் நூற்றாண்டில் ஆசாரியர் சாந்திசாகரரால் அம்மார்க்கம் புத்துயிர் பெறும் வரை தென்னாட்டுச் சமணத்தின் வித்தைக் காத்துக் கொடுத்தவர்கள் இந்தப் பட்டாரகர்களே என்பதையும் எண்ணிப் பார்த்தால், கண்டனம் செய்தவர்கள் அவசரப்பட்டார்கள் என்றே நான் கருதுகிறேன்.

மேல்சித்தாமூர் மடம் ஜினகாஞ்சி மடம் என்றும் வழங்கப்படுகிறது. காஞ்சிபுரத்தின் ஒரு பகுதியாகிய திருப்பருத்திக்குன்றமே ஜினகாஞ்சி. பல்லவர் காலந்தொட்டுச் சமணருக்குத் தலைமை ஸ்தானமாக விளங்கி, விஜயநகரத்து மந்திரி இருகப்பரால் 1387இல் சங்கீத மண்டபம் எடுப்பிக்கப் பெற்ற ஊர். அங்கிருந்த பீடமே பிற்காலத்தில் சித்தாமூருக்கு வந்து சேர்ந்தது என்பது மடத்தின் சம்பிரதாயம். பீடத்தில் அமர்பவர் யாராயினும் இலட்சுமிசேன பட்டாரகர் என்னும் திருநாமத்தை ஏற்கிறார். தமிழ்ச் சமணர்களாகிய நயினார்கள் அனைவருக்கும் இவரே குருபீடம். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சமணர் தொகை 89,265. அதிலும் வணிகத்துக்காக வடக்கிலிருந்து வந்து நகரங்களில் குடியேறியவர்களைக் கழித்துவிட்டால், வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனப் பக்கங்களில் ஏர் பிடித்து வாழ்ந்துவந்த இந்தப் பழங்குடி எவ்வளவு சிறியது என்பது விளங்கும்.

ஊருக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது பார்சுவநாதர் ஆலயத்தின் கோபுரம். கோபுரமும் பிராகாரமும் தேரும் நம் ஊர்ச் சிவாலயத்தையோ பெருமாள் கோயிலையோ போலவே இருப்பதால், அந்நிய மதக் கோயிலுக்கு வந்துவிட்டோம் என்ற எண்ணமே தமிழனுக்கு உண்டாவதில்லை. சந்நிதியை நெருங்கி, ஐந்தலை நாகம் குடை பிடிக்க நிற்கும் பார்சுவநாதரின் திகம்பரக் கோலத்தைக் கண்ட பிறகே வேறுபாடு புலனாகிறது. கோயிலின் முன்னே நிற்கும் மானஸ்தம்பம் என்னும் உயர்ந்த கற்றூண், உள்ளே வருபவனின் அகந்தையை அடக்குவதற்காக நாட்டப்படுவது என்பர்.

அதே ஊரிலுள்ள மலைநாதர் கோயில் அதைவிடப் பழையது. அங்கே கட்டடம் பிற்காலத்தது. கருவாக இருப்பது இயற்கைப் பாறை. ஒன்பதாம் நூற்றாண்டளவில் அப்பாறையில் ஆதிநாதர், பார்சுவநாதர், மகாவீரர், பாகுபலி, அம்பிகை எனப்படும் தருமதேவி ஆகியோர் உருவங்களைச் செதுக்கினார்கள். பாகுபலி, தவத்தில் அசையாது நின்றமையால் கொடிகள் படர்ந்த கால்களையுடையவர். தருமதேவி, தாய்மையும் இல்லறமும் தெய்வ உருக்கொண்டாற் போன்றவள். துறவின் உச்சியையும் இல்லறத்தின் கருணையையும் ஒரே பாறையில் அருகருகே வைத்த அந்த அமைப்பு, இந்த மடத்தின் முழுச் சரித்திரத்துக்கும் முன்னுரை எழுதியது போல இருக்கிறது. திருநாதர்குன்றின் பாறை வானத்தின் கீழ் தனித்திருக்க, சித்தாமூரின் பாறை வழிபடும் கோயிலுக்குள் வந்துவிட்டது. மலையிலிருந்து ஊருக்கு இறங்கிய பயணத்தை இந்த இரண்டு பாறைகளையும் ஒரே நாளில் பார்ப்பவர்கள் கண்ணாலேயே காணலாம்.

அகதியாக வந்த தெய்வம் ஒன்றும் இங்கே உண்டு என்பது ஐதிகம். மயிலாப்பூர்க் கடற்கரையில் ஒரு காலத்தில் நேமிநாதர் ஆலயம் இருந்தது. குணவீர பண்டிதர் தம் இலக்கண நூலுக்கு நேமிநாதம் என்று பெயரிட்டதே அப்பெருமானை நினைந்துதான். கடல் உள்ளே வந்து ஊரை அழிக்கும் என்று அஞ்சி, அங்கிருந்த திருவுருவைச் சித்தாமூருக்கு எடுத்து வந்து பிரதிஷ்டை செய்தார்கள் என்று நயினார் குடும்பங்களில் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள்.

இவ்வட்டாரத்தாரின் நினைவில் மிக ஆழமாகப் பதிந்திருப்பது மற்றொரு கர்ணபரம்பரைக் கதை. 1906இல் வெளிவந்த தென்னார்க்காடு ஜில்லா கெஜட்டியரிலும் இது இடம் பெற்றிருக்கிறது. 1478இல் செஞ்சியை ஆண்ட ஒரு நாயக்கன், உயர்குடியினர் ஒவ்வொருவரும் தனக்குப் பெண் கொடுக்க வேண்டுமென்று வற்புறுத்தினானாம். சமணரும் இசைந்தவர்கள் போல் நாள் குறித்துவிட்டு, அவன் மணக்கோலத்தில் வந்தபோது வீட்டைக் காலி செய்து, பந்தற்காலில் ஒரு பெண் நாயை மட்டும் கட்டி வைத்திருந்தார்கள். சினங்கொண்ட அரசன் சமணர் தலைகளை அரியுமாறு உத்தரவிட, பலர் மாண்டனர், பலர் ஊரை விட்டு ஓடினர், பலர் திருநீறணிந்து சைவராயினர். பந்தற்கால் கதை வேறு ஊர்களிலும் வேறு குலத்தாரைப் பற்றியும் சொல்லப்படுவது. செஞ்சியில் நாயக்கர் ஆட்சி வேரூன்றியதும் பதினாறாம் நூற்றாண்டில்தான். ஆகவே கதையின் ஒவ்வோர் அம்சத்தையும் சரித்திரமாகக் கொள்வதற்கில்லை. ஆனால் அடியில் ஒரு துன்பம் இருந்தது என்பதற்கு, நீறுபூசி வேளாளர் என்று இப்பக்கத்தில் வழங்கிவந்த பெயரே சான்றாக நிற்கிறது.

கதையின் பிற்பகுதி எனக்கு இன்னும் அருமையானது. திண்டிவனத்துக்கு அருகிலுள்ள வேலூரில் இருந்த சமணர் ஒருவர், வெளிக்குச் சைவராகத் தோன்றியும், ஒரு நாள் நீர்நிலையில் தண்ணீரைத் துணியால் வடிகட்டி எடுத்தபோது சேவகர் கண்டு பிடித்துவிட்டார்கள். நீற்றைப் பூசிக்கொள்ளலாம், பெயரை மாற்றிக்கொள்ளலாம். வடிகட்டாத தண்ணீரைக் குடிக்க மட்டும் அவருக்கு மனம் வரவில்லை. சமண இல்லங்களில் அந்த ஆசாரம் எவ்வளவு நுட்பமானது என்பதை அறிந்தால்தான் இதன் பொருள் புரியும்: நீரை இரட்டை மடிப்புத் துணியில் வடிக்க வேண்டும், வடித்த பின் துணியை உதறிவிடலாகாது, அதில் தங்கிய சிற்றுயிர்கள் வாழும் பொருட்டு, அத்துணியை நீரால் அலசி, அந்த நீரை எடுத்த கிணற்றிலேயே மீண்டும் விட வேண்டும். கண்ணுக்குப் புலனாகாத உயிருக்காகத் தம் உயிரைப் பணயம் வைத்த அவரை அரசன் முன் நிறுத்தினார்கள். அன்று அரசனுக்குக் குழந்தை பிறந்திருந்த மகிழ்ச்சியால் அவர் தப்பினார். பின்னர் சிரவணபெளகொளா சென்று, கற்று, துறவு பூண்டு, வீரசேனாசாரியார் ஆனார். இதனிடையே உடையார்பாளையத்துப் பாளையக்காரரிடம் அடைக்கலம் புகுந்திருந்த தாயனூர் காங்கேய உடையார் என்னும் நயினார், காலம் அமைதியடைந்ததும், சிரவணபெளகொளா வரை சென்று அத்துறவியை அழைத்து வந்து, ஊர் ஊராகக் கூட்டிச் சென்று, சிதறிப் போனவர்களை மீண்டும் சமணத்தில் சேர்த்தார். அந்த நன்றியால் தாயனூர்க் குடும்பத்தாருக்குச் சமூக விசேஷங்களில் முதல் மரியாதை செய்வது வழக்கமாயிற்று. ஆசாரியார் மீட்டார் என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாமல், அவரைத் தேடிச் சென்ற இல்லறத்தானுக்கும் முதல் தாம்பூலம் வைத்த சமூகம் இது.

மடத்தின் மற்றொரு செல்வம் அதன் ஓலைச்சுவடிகள். தமிழிலும் வடமொழியிலும் பிராகிருதத்திலும் உள்ள நூல்களை இங்கே காத்து வைத்திருக்கிறார்கள். சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், சைவ மடத்துக் கல்வியில் தேர்ந்திருந்தும், அந்நூலிலுள்ள சமணக் கொள்கைகள் விளங்காமல் தயங்கியபோது, கும்பகோணத்து ஜைன அன்பர்களிடம் சென்று கேட்டே தெளிவு பெற்றார். புத்தகத்தில் இல்லாத பொருள் குடும்பங்களின் நித்திய அனுஷ்டானத்தில் இருந்தது. நீலகேசியை 1936இல் சமய திவாகர உரையுடன் வெளியிட்ட பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் இச்சமூகத்திலேயே பிறந்தவர். கிரந்த எழுத்தைத் தடையின்றி வாசிக்கக் கூடியவர்கள் குறைந்து வருகிற இந்நாளில், சுவடிகளைப் பாதுகாப்பதோடு அவற்றை வாசிக்க வல்ல இளைஞர் சிலரையும் உருவாக்குவது அவசியம். அப்பொறுப்பைச் சில ஆயிரம் குடும்பங்களின் தலையில் மட்டும் சுமத்திவிட்டு, தமிழ்ப் பல்கலைக்கழகங்களும் தமிழன்பர்களும் ஒதுங்கி நிற்பது நன்றியன்று.

போக விரும்புவோர் காலையிலேயே புறப்படுவது நல்லது. வெயிலேறும் முன் திருநாதர்குன்றில் ஏறி இறங்கிவிட்டு, செஞ்சியிலிருந்து திண்டிவனம் செல்லும் வழியில், பெருஞ்சாலையை விட்டுச் சற்று உள்ளே உள்ள மேல்சித்தாமூரை அடையலாம். தோல் பொருள்களை வெளியே விட்டுச் செல்லுங்கள். சமண ஆசாரப்படி கிழங்கு வகைகளும் தேனும் விலக்கு. சூரியாஸ்தமனத்துக்குப் பின் உண்பதில்லையாதலால், பொழுது சாய்ந்த பிறகு அங்கே உணவை எதிர்பார்க்கலாகாது. பட்டாரக சுவாமிகள் மடத்திலிருந்தால் அனுமதி கேட்டுத் தரிசிக்கலாம். ஊர் நிறைந்து பார்க்க ஆசைப்படுவோர் பங்குனி, சித்திரையை ஒட்டி வரும் பெருவிழாவில் செல்ல வேண்டும். உத்தியோகத்துக்காகச் சென்னைக்கும் பிற நகரங்களுக்கும் குடிபெயர்ந்துவிட்ட நயினார் குடும்பங்கள், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, பார்சுவநாதரின் தேர் வடத்தைப் பிடிக்க அப்பொழுது சித்தாமூருக்குத் திரும்பி வருகின்றன.